ஓடாத ஜனதாவை ஓட வைப்பது எப்படி: சாவி வாட்ச் பழுதுபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பாவின் வாட்ச்சில் முதலில் கை வைக்காதீர்கள். மற்ற எதையும் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பொழுதுபோக்குக்குள் வருகிற பலரும் வீட்டு பீரோவில் நின்றுபோய்க் கிடக்கும் ஒரு வாட்ச்சைப் பார்த்துத்தான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். அப்பா ரிட்டயர் ஆகும்வரை கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதா, பதினைந்து வருடமாக ஓடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மூக்குக்கண்ணாடி மரை முடுக்க வாங்கிய ஸ்குரூ டிரைவரை வைத்து அதைத் திறந்தேன். இப்படியும் அப்படியும் ஆடி வாட்ச்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற பேலன்ஸ் சக்கரத்தைத் தூக்கும்போது ட்வீசர் நழுவி, அதோடு சேர்ந்திருக்கும் மயிரிழை மாதிரியான ஹேர்ஸ்பிரிங்கில் மாட்டியது. அதுவரை வளையம் வளையமாக அழகாக இருந்த ஸ்பிரிங், சீப்பில் சிக்கிய முடி மாதிரி ஆகிவிட்டது. ஒன்றும் பேசாமல் மூடி வைத்துவிட்டேன். அப்புறம் இரண்டு வருடம் வேறு வாட்ச்களைக் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டுதான் அதை மறுபடி திறந்தேன். இங்கே எழுதியிருப்பது அந்த இரண்டு வருடப் பாடம்.

எந்த வாட்ச்சில் ஆரம்பிப்பது

ஓடாத எச்.எம்.டி. ஜனதாவில். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி வாட்ச் இல்லை என்பது என் கருத்து. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் செய்ய ஆரம்பித்தது. அதற்குப் பிறகு கல்யாணத்துக்கு, பத்தாம் வகுப்பு பாஸானதற்கு, வேலை கிடைத்ததற்கு என்று வீட்டுக்கு வீடு ஒன்றாவது போய்ச் சேர்ந்தது. அதனால் இன்றும் பழைய சாமான் கடைகளிலும் சந்தைகளிலும் சல்லிசாகக் கிடைக்கிறது. ஜனதாவின் மெஷின் எளிமையானது. தேதி கிடையாது, ஆட்டோமேட்டிக் கிடையாது, சாவி கொடுத்தால் ஓடும், 17 கல் (அச்சு முனைகள் தேயாமல் சுழல வைக்கும் சின்னக் கற்கள்), மணிக்கு 18,000 துடிப்பு. அதாவது நொடிக்கு ஐந்து டிக். பைலட் மாடலிலும் இதே குடும்பத்து மெஷின்தான் என்பதால் ஒன்றின் பாகத்தை இன்னொன்றுக்குப் போட முடிகிறது.

இது முக்கியம், ஏனென்றால் புது ஸ்பேர் கிடைப்பதை நம்பி இதில் இறங்க முடியாது. எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூடுவதற்கு மத்திய அரசு 2016 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஆகவே ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைப் பலி கொடுக்க வேண்டும். ஒரே மெஷின் உள்ள மூன்று வாட்ச்களை மொத்தமாக வாங்குங்கள். மூன்றும் ஓட வேண்டாம். ஒன்றில் பேலன்ஸ் நன்றாக இருந்து, இன்னொன்றில் டயல் நன்றாக இருந்தால் போதும்.

ஆன்லைனில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. நாற்பது வருட வாட்ச்சின் டயல் நேற்று அச்சடித்த மாதிரி பளபளவென்று, ஊதாவிலோ ஆரஞ்சிலோ இருந்தால், அது மறுபடி பெயின்ட் அடித்தது. எழுத்தின் ஓரம் கசிந்திருக்கிறதா, நிமிடக் கோடுகள் சமமாக இருக்கின்றனவா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நான் வாங்கிய ஒன்றில் டயலில் ஒரு பெயர், உள்ளே வேறு கம்பெனியின் மெஷின், முள் மூன்றாவது ஒன்றிலிருந்து வந்திருந்தது. பயிற்சிக்கு அதுவும் உதவும்தான், ஆனால் அசல் விலை கொடுத்து வாங்காதீர்கள்.

தாத்தா காலத்து சுவிஸ் வாட்ச்சான வெஸ்ட் எண்டோ ஃபாவ்ரே லூபாவோ கையில் இருந்தால் அதைத் துணியில் சுற்றி வைத்துவிடுங்கள், அதன் முறை பிறகு வரும். ஓசூரிலிருந்து வந்த டைட்டன் குவார்ட்ஸ் மாதிரி பேட்டரி வாட்ச்களுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது.

மேஜையும் ஃபேனும்

முதலில் இடம். சாப்பாட்டு மேஜை உயரத்தில் வேலை செய்தால் கழுத்து போய்விடும், வேலை நெஞ்சு உயரத்துக்கு வர வேண்டும். நான் மேஜைமேல் ஒரு பழைய மணையைப் போட்டு உயர்த்திக்கொண்டேன். அதன்மேல் வெள்ளைத் தாள். விழுகிற பாகம் தரைக்குப் போகாமல் இருக்க, ஒரு லுங்கியின் ஒரு ஓரத்தை மேஜை விளிம்பில் கிளிப் போட்டு, மறு ஓரத்தை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் எத்தனை மரையை அந்த லுங்கி பிடித்துக் கொடுத்திருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

ஃபேனை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் வியர்க்கும், வியர்வை பட்ட இரும்பு இரண்டு நாளில் துருப்பிடிக்கும். சென்னை மாதிரி ஊரில் இதற்கு ஒரே வழி, விடியற்காலையில் உட்காருவது. விரல் நுனிக்கு ரப்பர் உறை போட்டுக்கொள்வது.

கருவிகளில் பணம் போட வேண்டியது இரண்டில் மட்டும். ஸ்குரூ டிரைவர், ட்வீசர். ஸ்குரூ டிரைவரில் 0.8, 1.0, 1.2, 1.6 மி.மீ. அகலம் உள்ள நான்கு இருந்தால் ஜனதாவை முழுதாகப் பிரித்துவிடலாம். நுனி மரையின் பள்ளத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிரப்ப வேண்டும். குறுகலான நுனியைப் போட்டால் வழுக்கி, பிரிட்ஜில் (சக்கரங்களை மேலிருந்து பிடித்திருக்கும் உலோகத் தகடு) கோடு கிழிக்கும். அந்தக் கோடு போகாது. ட்வீசரில் மூன்றாம் நம்பரும் ஐந்தாம் நம்பரும். முதலாவது எல்லா வேலைக்கும், இரண்டாவது ஹேர்ஸ்பிரிங்குக்கு. செல்போன் ரிப்பேருக்கு விற்கிற மலிவு ட்வீசரின் நுனிகள் ஒன்றோடொன்று சரியாகச் சேராது. அழுத்தினால் பாகம் சிட்டாகப் பறந்துவிடும்.

மீதி எல்லாம் மலிவாகவே வாங்கலாம். கண்ணில் மாட்டும் லென்ஸ் (நான்கு மடங்கு ஒன்று, பத்து மடங்கு ஒன்று), மெஷினைப் பிடித்துக்கொள்ளும் ஸ்டாண்ட், பின்மூடி திறக்க ஒரு கத்தி, முள் எடுக்கும் லீவர் ஒரு ஜோடி, காற்று ஊதும் ரப்பர் பந்து, தூசி ஒற்றி எடுக்க ரோடிகோ என்ற களிமண் மாதிரிப் பொருள், ஆயில் வைக்க நுனி தட்டிய ஊசிகள், பல் குத்தும் மூங்கில் குச்சி ஒரு பாக்கெட். பாகங்களைப் பிரித்து வைக்க, வாரத்துக்கு ஏழு அறை உள்ள மாத்திரை டப்பாவை மிஞ்சியது எதுவும் இல்லை. ஞாயிறு அறையில் முள், திங்களில் டயல், செவ்வாயில் பேலன்ஸ் என்று போனால் பூட்டும்போது அதே வரிசையைத் திருப்பிப் போடலாம்.

திறப்பதற்கு முன் நோய் என்னவென்று பாருங்கள்

நேராக ஸ்குரூ டிரைவரை எடுக்காமல் ஐந்து நிமிடம் வாட்ச்சைக் கையில் வைத்துப் பாருங்கள். சாவி கொடுங்கள். முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால் மெயின்ஸ்பிரிங் (வாட்ச்சை ஓட்டும் சுருள்) அறுந்திருக்கலாம், அல்லது கிளிக் (சுற்றிய ஸ்பிரிங் திரும்பி அவிழாமல் தடுக்கும் கொக்கி) பிடிக்கவில்லை. ஏற்கெனவே இறுகி நின்று ஓடாமல் இருந்தால், ஆயில் காய்ந்து பசையாகிவிட்டது என்பதுதான் பெரும்பாலும் காரணம். எனக்கு வந்த ஓடாத வாட்ச்களில் அதிகமும் இப்படித்தான் இருந்தன. ஒன்றும் உடைந்திருக்கவில்லை, கழுவ வேண்டியிருந்தது. அழுக்கில் நின்ற வாட்ச்சை 'ஸ்பிரிங் போச்சு' என்று விற்கிறார்கள், வாங்குகிற நமக்கு லாபம்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், அரை மணி என்று தறிகெட்டு வேகமாக ஓடினால் காந்தம் ஏறியிருக்கலாம். ஒரு சின்ன காம்பஸை வாட்ச்மேல் காட்டுங்கள், ஊசி ஆடினால் காந்தம்தான். ஹேர்ஸ்பிரிங்கின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஸ்பிரிங்கே நீளம் குறைந்தது போல வேலை செய்யும், அதனால்தான் வேகம். காந்தம் இறக்கும் கருவி ஒன்றில் வைத்து எடுத்தால் சில நொடி வேலை. இதைச் செய்து பார்க்காமல் வாட்ச்சைப் பிரிக்கவே கூடாது.

இன்னொரு சோதனை. பின்மூடியைத் திறந்து, பேலன்ஸ் சக்கரத்தின்மேல் ஊதும் பந்தால் மெல்ல ஒரு மூச்சு விடுங்கள். நன்றாக வீசி ஆடி மெல்ல நின்றால் பேலன்ஸ் உயிரோடு இருக்கிறது. தள்ளாடினாலோ, ஒரு பக்கம் சாய்ந்து உரசினாலோ பேலன்ஸ் ஸ்டாஃப் என்கிற அதன் அச்சின் முனை உடைந்திருக்கும். அந்த முனையின் கனம் சுமார் பத்தில் ஒரு மி.மீ.தான், கீழே விழுந்த வாட்ச்சில் அதுதான் முதலில் போகும். புது ஸ்டாஃப் அடிப்பது தொடக்கக்காரர் வேலை இல்லை. பலி வாட்ச்சின் பேலன்ஸை முழுசாக எடுத்துப் போட்டுவிடுங்கள்.

பிரிப்பது

ஒவ்வொரு அடிக்கும் செல்போனில் ஒரு படம். எல்லாம் ஞாபகம் இருக்கும் என்று தோன்றும், இருக்காது. குறிப்பாக மரைகள். ஒரே மாதிரி தெரிகிற மூன்று மரைகளில் ஒன்று அரை மி.மீ. கட்டையாக இருக்கும். மாற்றிப் போட்டால் நீளமானது அடியில் இருக்கும் சக்கரத்தைத் தொட்டு நிறுத்தும், காரணம் தெரியாமல் நீங்கள் ராத்திரி முழுக்க விழித்திருப்பீர்கள்.

பின்மூடி அழுத்தி மாட்டியதா, திருகியதா என்று முதலில் பாருங்கள். அழுத்தி மாட்டியதில் ஓரத்தில் கத்தி நுழைய ஒரு சின்ன உதடு இருக்கும். திருகியதில் சுற்றிலும் பள்ளங்கள் இருக்கும். திருகியதைக் கத்தியால் நெம்பினால் கத்திதான் கையைக் கிழிக்கும்.

மூடி திறந்ததும் செய்ய வேண்டியது மெயின்ஸ்பிரிங்கின் இறுக்கத்தை இறக்குவது. இதைத் தவறவிட்டால் எல்லாம் போச்சு. சாவியை விரலால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கிளிக்கைக் குச்சியால் மெல்லத் தள்ளிப் பிடியுங்கள். சாவி விரலுக்குள்ளேயே மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றி இறங்க வேண்டும், வழுக்கி ஓடக் கூடாது. இறுக்கத்தோடு பேலட் ஃபோர்க்கை (சக்கரங்களை ஒவ்வொரு டிக்காக விடுகிற கவை) எடுத்தால் சக்கரங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே சீறலாகச் சுழன்று, பல்லையோ முனையையோ உடைத்துக்கொண்டுதான் நிற்கும்.

அடுத்து சாவியைத் தண்டோடு வெளியே எடுக்க வேண்டும். தண்டு உள்ளே போகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மரை இருக்கும். சில மெஷினில் மரைக்குப் பதில் அழுத்துகிற புள்ளி. மரையாக இருந்தால் ஒன்று, ஒன்றரைச் சுற்று தளர்த்திச் சாவியை இழுங்கள், வந்துவிடும். ஆர்வத்தில் முழுதாகக் கழற்றினால் உள்ளே பிடித்திருக்கும் லீவர் டயலுக்கு அடியில் விழுந்துவிடும், பிறகு டயலைக் கழற்றாமல் தண்டு மறுபடி உட்காராது. மெஷினைக் கேஸிலிருந்து எடுத்ததும் தண்டைத் திருப்பி மாட்டிவிடுங்கள், பிடித்துத் திருப்ப உதவும்.

முள் எடுக்கும்போது டயல்மேல் ஒரு பிளாஸ்டிக் துண்டைப் பிளந்து செருகிக்கொள்ளுங்கள். மூன்று முள்ளையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு லீவரையும் இருபக்கமும் வைத்து, ஒரே நேரத்தில் அழுத்தினால் கிளம்பும். மேலே இன்னொரு பிளாஸ்டிக் பையை மூடிக்கொண்டு செய்வது நல்லது. நொடி முள்ளுக்குப் பறக்கிற பழக்கம் உண்டு.

டயலின் இரண்டு கால்களை மெஷினின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன மரைகள் பிடித்திருக்கும். லேசாகத் தளர்த்தினால் போதும். டயலை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள், முகத்தில் விரல் படவே கூடாது. எடுத்த உடனே டப்பாவில் வைத்து மூடுங்கள்.

இப்போது மெஷினைத் திருப்பி, பேலன்ஸ். இது நான் தோற்ற இடம் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். பேலன்ஸ் பிரிட்ஜின் ஒற்றை மரையைக் கழற்றிய பிறகு, பிரிட்ஜுக்கு அடியில் நெம்புவதற்கென்றே ஒரு சின்னப் பிளவு இருக்கும், அதில் ஸ்குரூ டிரைவர் நுனியை விட்டு ஒரு மயிரிழை தூக்குங்கள். பிறகு ட்வீசரால் பிரிட்ஜைப் பிடித்து நேரே மேலே எடுங்கள். சக்கரம் ஹேர்ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டு கூடவே வரும். வராமல் கீழே மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். மெஷினை லேசாக ஆட்டினால் தானாக விடுபடும். எடுத்ததும் பிரிட்ஜைத் தலைகீழாகப் போட்டு, சக்கரம் அதன்மேல் உட்காரும்படி வைத்துவிடுங்கள். அன்றைக்கு நான் செய்த தப்பு, மாட்டிக்கொண்டதை இழுத்தது.

பிறகு பேலட் ஃபோர்க், அதன் பிரிட்ஜ். அப்புறம் மேலே தெரிகிற இரண்டு பெரிய இரும்புச் சக்கரங்கள். இதில் பேரல்மேல் (மெயின்ஸ்பிரிங் இருக்கும் டப்பா) இருப்பது சாதாரண மரை. சாவித் தண்டோடு சேர்கிற மற்றதன் நடுவில் இருப்பது பெரும்பாலான வாட்ச்களில் கடிகார முள் சுற்றும் பக்கமாகவே திருப்பிக் கழற்ற வேண்டிய எதிர்மரை. 'வரவில்லையே' என்று வழக்கமான பக்கம் முறுக்கி அதன் தலையை உடைக்காதவர்கள் இந்தத் தொழிலில் குறைவு. மரைத் தலையில் கூடுதலாகக் கோடு இருந்தால் அது எதிர்மரைக்கான அடையாளம்.

பெரிய பிரிட்ஜை எடுத்ததும் சக்கர வரிசை தெரியும். பேரலிலிருந்து வருகிற விசை ஒவ்வொரு சக்கரமாக வேகம் கூடி, பலம் குறைந்து, கடைசியில் பேலட் ஃபோர்க்கைத் தட்டுகிற எஸ்கேப் சக்கரம்வரை போகிறது. ஒரு சக்கரம் மணிக்கு ஒருமுறையும், இன்னொன்று நிமிடத்துக்கு ஒருமுறையும் சுற்றும். கொஞ்ச நேரம் இதைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் ரொம்பப் பிடித்த நிமிடம் இதுதான், எண்பது ரூபாய் ஸ்ட்ராப் போட்டுக் கட்டியிருந்த ஒரு பொருளுக்குள்ளே இவ்வளவும் இருந்ததா என்று.

டயல் பக்கம், சாவி கொடுப்பதற்கும் முள் திருப்புவதற்குமான லீவர்களும் ஸ்பிரிங்குகளும் இருக்கும். அவற்றை மூடியிருக்கும் தகட்டை எடுப்பதற்குள் ஒரு ஸ்பிரிங் கிளம்பிப் போய்விடும், ஆகவே அதன்மேல் ஒரு குச்சியை வைத்து அழுத்திக்கொண்டே கழற்றுங்கள். எனக்குப் பறந்த ஒரு கிளிக் ஸ்பிரிங் மூன்று வாரம் கழித்து துடைப்பத்தில் கிடைத்தது.

கழுவுவது

கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் செய்கிற பெரியவர்கள் பலகாலமாகப் பெட்ரோலில்தான் கழுவினார்கள். இன்றும் நல்ல முறைதான், ஆனால் வண்டிக்குப் போடுகிற பெட்ரோலில் கலப்பு அதிகம். அதற்குப் பதில் லைட்டருக்கு ஊற்றும் திரவத்தை வாங்குங்கள். அலசுவதற்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டால் தெரியும். இரண்டுமே தீப்பிடிக்கிற சாமான். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்படியிலிருந்து தள்ளி உட்காருங்கள்.

மூடியுள்ள மூன்று கண்ணாடி பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதிலும் இரண்டாவதிலும் லைட்டர் திரவம், மூன்றாவதில் ஆல்கஹால். பாகங்களைக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு மெல்லிய தூரிகையால் தேய்த்து, இரண்டாவதில் அலசி, மூன்றாவதில் ஒரு முக்கு.

ஆனால் பேலட் ஃபோர்க்கையும் பேலன்ஸையும் ஆல்கஹாலில் போடாதீர்கள். அந்த ஃபோர்க்கின் இரண்டு சிவப்புக் கல்லையும், பேலன்ஸின் அடியில் இருக்கும் ஒற்றைக் கல்லையும் ஒட்ட வைத்திருப்பது அரக்கு. கடிதத்துக்கு முத்திரை வைக்கிற, வளையல் செய்கிற அதே அரக்குதான், பூச்சி சுரப்பது. அது ஆல்கஹாலில் கரையும். ஊற வைத்துவிட்டுக் காபி குடித்து வந்தால் கல் பாட்டிலின் அடியில் கிடக்கும். இவற்றுக்கு லைட்டர் திரவம் மட்டும் போதும்.

கழுவிய பிறகுதான் உண்மையான வேலை. மூங்கில் குச்சியைப் பிளேடால் ஊசி மாதிரி சீவி, மெஷினின் அடித்தகட்டிலும் பிரிட்ஜிலும் இருக்கும் ஒவ்வொரு கல்லின் துளையிலும் விட்டுத் திருகுங்கள். குச்சி நுனி கறுப்பாக வரும். மறுபடி சீவி, மறுபடி திருகுங்கள், நுனி சுத்தமாக வரும்வரை. ஜனதாவின் டயலில் பாராஷாக் என்று எழுதியிருப்பது பேலன்ஸ் முனையைக் காக்கும் அதிர்வுத் தாங்கி. அதன் சின்னப் பிடிப்பு ஸ்பிரிங்கைத் திறந்து மூடிக்கல்லையும் எடுத்துத் துடைக்க வேண்டும். முதல் வாட்ச்சில் அதைத் திறக்க வேண்டாம், இரண்டாவதில் திறந்துகொள்ளலாம்.

பேரலைத் திறந்து மெயின்ஸ்பிரிங்கைப் பாருங்கள். வெளியே எடுத்ததும் தாராளமாக விரிந்தால் நல்லது. சுருண்ட சுருளாகவே சோம்பிக் கிடந்தால் பலம் போய்விட்டது, பலி வாட்ச்சின் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். கையால் உள்ளே சுற்றி ஏற்றும்போது ஸ்பிரிங்கைக் கூம்பு மாதிரி முறுக்கிவிடாமல் தட்டையாகவே ஏற்ற வேண்டும். அதற்கென்று சுற்றும் கருவி இருக்கிறது, கிடைத்தால் வாங்குங்கள்.

ஆயில் வைப்பதும் பூட்டுவதும்

தையல் மிஷின் ஆயில், தேங்காயெண்ணெய் இரண்டையும் வாட்ச்சுக்குள் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். மோபியஸ் என்ற சுவிஸ் ஆயிலில் நான்கு போதும். மெல்லியதான 9010, வேகமாகச் சுற்றும் சக்கரங்களுக்கும் பேலன்ஸுக்கும். கெட்டியான டி5, மெதுவாகச் சுற்றும் பெரிய சக்கரத்துக்கும் பேரல் அச்சுக்கும். 9415, பேலட் கற்களுக்கு. 8200, மெயின்ஸ்பிரிங்குக்கு. சாவித் தண்டு, கிளிக் மாதிரி உரசும் இரும்புகளுக்கு ஏதாவது ஒரு வாட்ச் கிரீஸ். விலை பயமுறுத்தும், ஆனால் ஒரு சின்ன புட்டி வருடக்கணக்கில் வரும், ஏனென்றால் ஒரு கல்லுக்குப் போவது கடுகில் நூற்றில் ஒரு பங்கு. கல்லின் கிண்ணத்தில் பாதிக்குமேல் ஆயில் தெரிந்தால் அதிகம். அதிகமானால் ஓரத்தைத் தாண்டிப் பரவி, துளையில் ஒன்றும் மிஞ்சாமல் போய்விடும். குறைவாக வைப்பது எப்போதும் மேல்.

எங்கே வைக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சக்கரப் பற்களுக்குக் கூடாது. பேலட் ஃபோர்க்கின் அச்சு முனைகள் இரண்டுக்கும் கூடாது, அவை காய்ந்தே இருக்க வேண்டும். ஹேர்ஸ்பிரிங்கில் ஒரு பொட்டுகூடப் படக் கூடாது, பட்டால் வளையங்கள் ஒட்டி வாட்ச் வேகமாக ஓடும்.

பூட்டும் வரிசை, பிரித்ததன் திருப்பம். பேரல், சக்கரங்கள், பெரிய பிரிட்ஜ். இந்த பிரிட்ஜை உட்கார வைப்பதுதான் பொறுமையைச் சோதிக்கிற இடம். நான்கு சக்கரங்களின் மேல்முனைகளும் நான்கு துளைகளுக்குள் ஒரே நேரத்தில் நுழைய வேண்டும். பிரிட்ஜை விரலால் தொட்டும் தொடாமலும் பிடித்துக்கொண்டு, சக்கரங்களை ட்வீசரால் ஒவ்வொன்றாகத் தள்ளி நேராக்குங்கள். எல்லாம் நுழைந்ததும் பிரிட்ஜ் தானாக ஒரு மெல்லிய சத்தத்தோடு இறங்கும். இறங்காமல் மரையை முறுக்கினால் ஒரு முனை உடைவது உறுதி. மரை பாதி முறுக்கிய நிலையில் பேரலைக் குச்சியால் தள்ளிப் பாருங்கள், கடைசிச் சக்கரம்வரை சரசரவென்று சுழல வேண்டும். பிறகு முழுக்க முறுக்கி, மறுபடி தள்ளிப் பாருங்கள்.

அடுத்து பேலட் ஃபோர்க்கைப் பூட்டி, சாவி இரண்டு மூன்று திருப்பு கொடுங்கள். ஃபோர்க்கின் வாலை ட்வீசரால் தொட்டால் மறுபக்கம் பட்டென்று தாவ வேண்டும், திரும்பத் தொட்டால் திரும்ப. சோம்பலாக நகர்ந்தால் எங்கேயோ அழுக்கு இருக்கிறது, மேலே போகாமல் திரும்பிப் போய்ப் பாருங்கள். கற்களின் முகத்தில் 9415 ஒரு பொட்டு.

கடைசியாக பேலன்ஸ். தொங்கவிட்டு இறக்கி, சக்கரத்துக்கு அடியில் இருக்கும் கல் ஃபோர்க்கின் இரண்டு கொம்புகளுக்கு நடுவில் விழும்படி பிரிட்ஜை லேசாகத் திருப்பி உட்கார வையுங்கள். சரியாக விழுந்தால், மரை போடுவதற்கு முன்பே சக்கரம் தானாக ஆட ஆரம்பிக்கும். முதல்முறை இது நடந்தபோது ராத்திரி பதினொன்றரை. வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன், யாருக்கும் என் அளவுக்குச் சந்தோஷம் இல்லை.

நேரத்துக்குக் கொண்டுவருவது

டயலும் முள்ளும் போடுவதற்கு முன்பே ஒரு நாள் ஓடவிட்டுப் பாருங்கள். வாட்ச் சத்தத்தைக் கேட்டு அளக்கிற டைம்கிராஃபர் கருவி இருந்தால் நல்லது, இல்லையென்றால் செல்போனில் அதற்கான செயலிகள் இருக்கின்றன. ஃபேன் நிறுத்திய அறையில், மைக் மேலே வாட்ச்சை வைத்தால் போதும். துடிப்பை 18,000 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று எண் வரும். ஒரு நாளைக்கு எத்தனை நொடி கூட அல்லது குறைவு, பேலன்ஸ் எத்தனை டிகிரி வீசி ஆடுகிறது, டிக்குக்கும் டக்குக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம். புதிதாகப் பழகுபவர்கள் முதல் எண்ணையே பார்ப்பார்கள், நான் இரண்டாவதைப் பார்க்கச் சொல்வேன். முழுச் சாவியில், டயல் மேல்நோக்கி இருக்கையில் 250-க்கு மேல் வந்தால் பழைய வாட்ச்சுக்கு நல்ல உடம்பு. 200-க்குக் கீழே என்றால் அழுக்கோ சோர்ந்த ஸ்பிரிங்கோ இருக்கிறது, அந்த நிலையில் நேரத்தைத் திருத்திப் பிரயோசனம் இல்லை. வீச்சு சரியாக இருந்தால், பேலன்ஸ் பிரிட்ஜின் மேல் இருக்கும் சின்னக் கையைக் கூட்டல், கழித்தல் பக்கம் மயிரிழை நகர்த்தினாலே நேரம் வந்துவிடும். டிக்-டக் வித்தியாசம் ஒரு மில்லி நொடிக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். அதைத் திருத்தப் போய் ஹேர்ஸ்பிரிங்கைக் கெடுத்துக்கொள்வது ஆரம்பத்தில் எளிது.

டயல் மேலே, டயல் கீழே, சாவி கீழே என்று வைத்து வைத்து அளந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு எண் வரும். கட்டிக்கொண்டு நடக்கையில் சராசரியாக நாளுக்கு முப்பது நொடிக்குள் நின்றால் ஜனதாவிடம் அதற்குமேல் கேட்பது பேராசை.

முகத்தைத் தொடலாமா

கண்ணாடியைத் தாராளமாகத் தொடலாம். பழைய ஜனதாவில் இருப்பது பிளாஸ்டிக் கண்ணாடி, ஆழமில்லாத கீறல் என்றால் பற்பசையோ பித்தளை பாலிஷோ பஞ்சில் வைத்து ஐந்து நிமிடம் தேய்த்தாலே போய்விடும். ஆழமான கீறலுக்கு 1,000, பிறகு 2,000 நம்பர் தண்ணீர்த் தாளில் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்துவிட்டு அப்புறம் பாலிஷ். விரிசல் விட்டிருந்தால் மாற்றுவதுதான்.

கேஸை மெஷின் இல்லாமல் சோப்புத் தண்ணீரில் பழைய டூத்பிரஷ் போட்டுத் தேயுங்கள். ஸ்ட்ராப் மாட்டுகிற காது இடுக்கில் நாற்பது வருட அழுக்கு கல்லாகி நிற்கும். பாலிஷ் சக்கரத்தில் கொடுத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினால் விளிம்புகள் உருண்டுவிடும், கேஸின் வடிவமே போய்விடும். எனக்கு அது பிடிக்காது.

டயலுக்கு ஊதும் பந்தும் ரோடிகோவும் மட்டும். தண்ணீர், ஆல்கஹால், பஞ்சு எதுவும் வேண்டாம், அச்சடித்த எழுத்து பஞ்சோடு வந்துவிடும். ஹிந்தியில் ஜனதா என்று எழுதியிருக்கும் டயலில் ஓரம் மஞ்சளாகியிருந்தால் அப்படியே விடுங்கள். மறுபடி பெயின்ட் அடித்தால் இருந்ததும் போய்விடும்.

ஒரு விஷயத்தில் விளையாட வேண்டாம். இருட்டில் ஒளிர்கிற எதையும் நாம் ரேடியம் என்கிறோம், வண்டி ஸ்டிக்கரைக்கூட. ஆனால் 1960-களுக்கு முந்தைய சுவிஸ் வாட்ச்களிலும் ராணுவ வாட்ச்களிலும் முள்ளிலும் எண்ணிலும் பூசியிருந்தது பல சமயம் நிஜ ரேடியம். இப்போது ஒளிரவில்லை என்பதால் அது செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஒளி கொடுத்த ரசாயனம்தான் களைத்துப்போனது, ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும். அந்தப் பூச்சு உதிர்ந்து தூசியாக மூச்சில் போவதுதான் ஆபத்து. பழுப்பு நிறத்தில் உதிர்கிற பூச்சோடு ஒரு பழைய வாட்ச் வந்தால் சுரண்டாதீர்கள், திறக்கவும் வேண்டாம்.

மூடும்போது மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றுங்கள், ஆனாலும் கையைக் கழுவும்போது வாட்ச்சைக் கழற்றி வையுங்கள்.

மூடுவதற்கு முன் பின்மூடியின் உட்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். சர்வீஸ் செய்தவர்கள் ஊசியால் தங்கள் குறியையும் தேதியையும் அங்கே கீறி வைப்பது பழைய வழக்கம். நான் கீறுவதில்லை, ஒரு சின்னக் காகிதத்தில் தேதி, என்ன செய்தேன், எத்தனை நொடி ஓடுகிறது என்று எழுதி டப்பாவில் போட்டுவிடுவேன். அப்பாவின் ஜனதாவுக்கு வேறொன்றின் பேலன்ஸைப் பொருத்தி, அது நாளுக்குப் பதினெட்டு நொடி வேகமாக ஓடுவதைப் பார்த்துவிட்டு மூடப் போனபோது, உள்ளே மூன்று கீறல் இருந்தது. இரண்டு படிக்க முடியவில்லை. மூன்றாவது 12-84. அப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆபீஸ் வாசல்ல ஒரு கண்ணாடிப் பெட்டி வெச்சு உக்காந்திருப்பார்டா, அவர்கிட்ட குடுத்தேன். நாலு நாள் வெறுங்கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.